போயம் சிகிச்சைக்குப் பிறகு அமிலம் மேலே வந்தால்: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உணவை விழுங்க முடியாமல் செய்யும் அக்கலேசியா நோய்க்கு, வாய் வழியாகத் தசையை வெட்டும் போயம் (POEM) சிகிச்சையைச் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தவரைப் பார்க்க வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இப்ப விழுங்க ஏலுதா?" பெரும்பாலும் ஏலும். பாணைத் தேநீரில் நனைத்து, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து, எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்தி உணவை இறக்கிக்கொண்டிருந்தவர், இப்போது இடியப்பமும் சொதியும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். இறங்கியது திரும்பி மேலே வருகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த நோயில் நெஞ்செரிவு நம்பத்தக்க சாட்சி அல்ல. எரிகிறது என்பவருக்கு அமிலமே வராமல் இருக்கலாம். எரியவில்லை என்பவருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதி புண்ணாகிக் கிடக்கலாம். கீழே சொல்லும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இதுதான்.

என்ன வெட்டினார்கள், ஏன் அமிலம் வருகிறது

அக்கலேசியா என்பது உணவுக்குழாயின் நரம்பணுக்கள் அழிவதால் வரும் நோய். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அளவுக்கு அரியது. இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கெடுகின்றன. உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவிலுள்ள சுருக்குத்தசை விழுங்கும்போது விரிவதில்லை. உணவைக் கீழே தள்ளும் அலையசைவும் நின்றுபோகிறது.

ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே 2008 இல் முதன்முதலாக மனிதரில் செய்த போயம், வாய் வழியாகக் கமராவை விட்டு, உணவுக்குழாயின் உட்படலத்துக்கு அடியில் ஒரு சுரங்கம் தோண்டி, அந்த இறுகிய தசையை உள்ளிருந்தே வெட்டிவிடுகிறது. வெட்டு இரைப்பைக்குள்ளும் சற்று நீளும். பிறகு உட்படலத்தின் வாயைக் கிளிப் போட்டு மூடுவார்கள். வயிற்றில் ஒரு தையலும் இல்லை.

அமிலத்தைத் தடுத்து வைத்திருந்ததும் அதே தசைதான். வயிற்றில் துளையிட்டுச் செய்யும் ஹெல்லர் சத்திரசிகிச்சையில், தசையை வெட்டிய பின் இரைப்பையின் மேற்பகுதியை மடித்துத் தைத்து எதுக்களிப்புக்கு ஒரு தடுப்பையும் வைப்பார்கள். போயத்தில் வழக்கமாக அது கிடையாது. 2019 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. விழுங்கும் சுகத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் மூன்று மாதத்தில் கமரா விட்டுப் பார்த்தபோது போயம் செய்தவர்களில் 57 சதவீதத்தினருக்கு அமிலத்தால் உணவுக்குழாய் அழற்சி இருந்தது. சத்திரசிகிச்சை செய்தவர்களில் 20 சதவீதம். இரண்டு ஆண்டில் அது 44க்கு 29 ஆனது. அதே ஆண்டு போயத்தை, இறுகிய தசையைப் பலூன் ஊதி விரிக்கும் சிகிச்சையோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் போயம் 92 சதவீதத்தினருக்கும் பலூன் 54 சதவீதத்தினருக்கும் பலன் தந்தது. அழற்சி 41 சதவீதத்துக்கு 7.

ஆகவே எதுக்களிப்பு வந்தால் வைத்தியர் ஏதோ பிழை விட்டார் என்று அர்த்தமில்லை. இந்தச் சிகிச்சையின் விலை அது. இதைத் தெரிந்தே போயத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. முன்பே சொல்லாமல் விட்டால்தான் கோபம் வரும்.

இன்னொன்று. நல்ல உணவுக்குழாய் உள்ளவருக்கு அமிலம் மேலே வந்தால், அடுத்த விழுங்கலில் அலையசைவு அதைக் கீழே தள்ளிவிடும். எச்சில் மிச்சத்தைக் கழுவும். அக்கலேசியா உள்ளவரின் உணவுக்குழாய்க்கு அந்த வேலை தெரியாது. வந்த அமிலம் அங்கேயே தங்கும். அதைக் கீழே இறக்கப் புவியீர்ப்பும் ஒரு வாய்த் தண்ணீரும்தான் இருக்கின்றன. படுக்கும் விஷயத்தில் இந்த வழிகாட்டி ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

படி 1: கடதாசிகளை ஒரே ஃபைலில் போடுங்கள்

கொழும்பிலிருந்து பலர் சென்னை, ஹைதராபாத் என்று போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள். பின்தொடர்வது இங்கே, ஒருவேளை சேனல் பண்ணும் வேறொரு வைத்தியரிடம். அவருக்கு வேண்டியது உங்கள் கதையல்ல, றிப்போர்ட். நோய் எந்த வகை (ஒன்று, இரண்டு, மூன்று), வெட்டு முன்பக்கமா பின்பக்கமா, எவ்வளவு நீளம், இரைப்பைப் பக்கம் எத்தனை சென்டிமீட்டர், வைத்தியசாலையில் இருந்தபோது ஏதும் சிக்கல் வந்ததா, சிகிச்சைக்கு முன் எடுத்த மனோமெட்ரி (உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை), பேரியம் குடித்து எடுத்த எக்ஸ்றே படம். டிஸ்சார்ஜ் கடதாசியில் இவை இல்லாவிட்டால் அந்த வைத்தியசாலைக்கு எழுதிக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்பதைவிட முதல் வாரத்தில் கேட்பது சுலபம்.

படி 2: வருவது என்ன என்று பிரித்தறியுங்கள்

நெஞ்சில் எரிவு என்றவுடன் அமிலம் என்று முடிவு கட்டாதீர்கள். போயத்துக்குப் பிறகு குறைந்தது நான்கு விஷயங்கள் ஒரே முகத்தோடு வரும்.

முதலாவது, உண்மையான எதுக்களிப்பு. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில், குனியும்போது, படுக்கும்போது புளிப்பும் கசப்புமாக நீர் தொண்டைக்கு வரும். சிலருக்கு எரிவே இராது. இரவு இருமல், காலையில் கரகரத்த குரல், பல் கூச்சம் மட்டும் இருக்கும்.

இரண்டாவது, தேக்கம். தசை வெட்டப்பட்டாலும் உணவுக்குழாய் பழைய விரிவோடு இருந்தால் அடியில் உணவு தங்கிப் புளிக்கும். அந்தப் புளிப்பும் அமிலம்தான், ஆனால் இரைப்பையிலிருந்து வந்ததல்ல. இதற்கு அமிலம் குறைக்கும் குளிசை வேலை செய்யாது. மத்தியானம் சாப்பிட்ட சோறு பருக்கையாகவே இரவு வாய்க்கு வந்தால் இதைச் சந்தேகியுங்கள். சிகிச்சைக்கு முன்பே "நெஞ்செரிவு" இருந்தது என்று சொல்லும் அக்கலேசியா நோயாளிகள் பலருக்கு இருந்தது இதுதான். அவர்களில் சிலர் வருடக்கணக்கில் கேஸ்ட்ரிக் என்று குளிசை விழுங்கியிருப்பார்கள்.

மூன்றாவது, இழுத்துப் பிடிக்கும் வலி. இந்த நோய்க்கே உரிய நெஞ்சு வலி, முக்கியமாக மூன்றாம் வகையில், விழுங்கல் சரியான பிறகும் இடையிடையே வரலாம். சாப்பாட்டோடு பெரிய தொடர்பு இராது. அமிலக் குளிசைக்கும் அடங்காது.

நான்காவது, இதயம். நடுவயதைத் தாண்டியவர், சர்க்கரை அல்லது பிரஷர் உள்ளவர், வியர்வையோடு, கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோடு இருந்தால் அன்டாசிட் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: என்ன வந்தது, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்ட பிறகு, இருந்தபடியா படுத்தபடியா. கிளினிக்கில் வைத்தியர் உங்களோடு பேசக் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்தப் பக்கம் நன்றாக உதவும்.

படி 3: குளிசையைச் சரியான நேரத்தில் போடுங்கள்

ஒமெப்பிரசோல், ஈசோமெப்பிரசோல், பன்டொப்பிரசோல், ரபெப்பிரசோல் எல்லாம் ஒரே குடும்பம். எந்தப் பாமசியிலும், ஒசுசலவிலும் கிடைப்பவை. பெயரில் அதிகம் இல்லை. நேரத்தில் நிறைய இருக்கிறது. இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் உணவு வரும்போதுதான் முழுதாக விழிக்கும். மருந்து அதற்குள் இரத்தத்தில் ஏறியிருக்க வேண்டும். எனவே காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் தண்ணீரோடு. இரண்டு வேளை என்றால் இரண்டாவது இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கப் போகும்போது அல்ல.

நம் வீடுகளில் இது எங்கே குழம்புகிறது என்றால், காலைத் தேநீரில். எழுந்ததும் பால் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும், எட்டரைக்குச் சாப்பாடு. குளிசை பிஸ்கட்டுக்குப் பிறகு போகிறது. தேநீர் கொதிக்க வைக்கப் போகும் முன்பே குளிசையை விழுங்குங்கள். பிறகு குளித்து, சாமி கும்பிட்டு வந்தால் நேரம் சரியாகிவிடும். விரத நாளிலும் தண்ணீரோடு குளிசை போடுவதில் எந்தச் சாமியும் கோபிக்காது. ஆனால் நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு இரவில் ஒரே மூச்சில் சாப்பிடுவது இவர்களுக்கு ஆகாது.

இந்தக் குளிசைகளை நசுக்கவோ மெல்லவோ கூடாது. இரைப்பை அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கும் உறை உடைந்துவிடும். விழுங்கச் சிரமமாக இருந்தால் உள்ளே சிறு மணிகள் உள்ள கப்சியூல் கிடைக்குமா, அதைத் திறந்து ஒரு கரண்டி யோகட்டில் கலந்து மெல்லாமல் விழுங்கலாமா என்று பாமசியில் கேளுங்கள்.

மருந்து அமிலத்தைக் குறைக்கும், எதுக்களிப்பை நிறுத்தாது. இரைப்பையில் உள்ளது மேலே வரத்தான் செய்யும், புளிப்புக் குறைந்து வரும். "குளிசை போட்டும் இரவில் தண்ணீர் தொண்டைக்கு வருது" என்பவருக்கு மருந்தின் அளவைக் கூட்டுவது பெரிய பலன் தராது. அவருக்குத் தேவை அடுத்த படி.

சாப்பாட்டுக்குப் பின் வரும் புளிப்புக்கு கவிஸ்கோன் போன்ற அல்ஜினேட் மருந்து உதவும். அது இரைப்பையில் உள்ளதன் மேல் மிதந்து நிற்கும். ஆகவே சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன். அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு வகைக் குளிசையான ஃபமோட்டிடின் இரவுக்கு நல்லது. தினமும் போட்டால் சில வாரங்களில் அதன் வேகம் குறையும். வீட்டில் பழைய ரனிட்டிடின் மிச்சம் இருந்தால் எறிந்துவிடுங்கள். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு அதில் இருந்ததால் 2020 அளவில் பல நாடுகள் அதைச் சந்தையிலிருந்து எடுத்தன.

வருடக்கணக்கில் இந்தக் குளிசை போடுவதைப் பற்றிப் பயமுறுத்தும் செய்திகள் நிறைய வரும். மக்னீசியமும் பி12 சத்தும் குறையலாம், வயிற்றுத் தொற்று சற்றுக் கூடலாம் என்பவை உண்மை. அவற்றை இடையிடையே இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம். புண் இருப்பவர் மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. இதயத்துக்குக் குளோபிடோகிரல் எடுப்பவர் ஒமெப்பிரசோல், ஈசோமெப்பிரசோல் தவிர்த்து வேறொன்றுக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். திடீரென நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்பைவிடக் கூடச் சுரக்கும். அந்த எரிவை வைத்து நோய் மோசமாகிவிட்டது என்று பதற வேண்டாம்.

படி 4: இரவை ஒழுங்கு பண்ணுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி.

கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம். கொழும்பில் இது சுலபமில்லை. காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வீடு சேரவே எட்டு மணியாகும். அதன்பிறகு சமையல், நாடகம், பத்து மணிக்குச் சாப்பாடு. வழி என்னவென்றால், ஆறு மணிக்கு வேலையிடத்திலேயே உண்மையான சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டில் ஒரு கோப்பைக் கஞ்சியோடு நிறுத்துவது. இரவு கொத்து ரொட்டியை நான் கெட்டது என்று சொல்லவில்லை. அதைப் பகல் ஒரு மணிக்குச் சாப்பிடுங்கள்.

தலைப்பக்கக் கட்டில் கால்களை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். மூன்று தலையணை அடுக்குவது இதற்கு ஈடாகாது. அதில் கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறு அமுங்கி, இரைப்பையில் உள்ளது இன்னும் மேலே தள்ளப்படும். கொட்டாஞ்சேனையில், போயம் செய்துகொண்ட என் மாமி வீட்டில் இதை எப்படிச் செய்தோம் என்றால், மரக்காலையில் இரண்டு கனமான கட்டை வெட்டி வாங்கி, கட்டில் கால் உட்காரும் அளவுக்கு நடுவில் ஒரு குழி குடையச் சொன்னோம். குழி இல்லாமல் வைத்தால் நள்ளிரவில் கால் வழுகிக் கட்டில் இறங்கும். அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒட்டினால் டைல்ஸ் தரையில் நகராது. முதல் சில நாள் "நான் கீழ வழுக்கிப் போறன்" என்று மாமி முறைப்பட்டார். பிறகு பழகிவிட்டது.

இடது பக்கம் சரிந்து படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய் வாய்க்குக் கீழே இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் நின்றபடி அரைக் கிளாஸ் தண்ணீர் குடித்து, உணவுக்குழாயில் ஒட்டியதைக் கழுவுங்கள். உடனே குனிந்து கூட்டுவது, தரை துடைப்பது வேண்டாம்.

எதைச் சாப்பிடுவது என்பதைப் பற்றிப் பெரிய தடைப்பட்டியல் தர எனக்கு விருப்பமில்லை. உறைப்பு, கொறுக்காய்ப் புளி, தக்காளி, கோப்பி, எண்ணெய் எல்லாம் ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு மாதிரி. உங்கள் கொப்பியில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதை மட்டும் விடுங்கள். அளவும் நேரமும் சம்பலைவிட முக்கியம். வயிறு சரியில்லை என்றால் ஜிஞ்சர் பியர் குடிக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். காஸ் இரைப்பையை ஊதச் செய்யும். ஏப்பத்தோடு அமிலமும் வரும். சாராயமும் சிகரெட்டும் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. நோயில் மெலிந்தவர் சாப்பிடத் தொடங்கியதும் வீடே அவர் தட்டை நிரப்பும். "பாவம், இப்பதானே சாப்பிடுறான், போடு." இழந்த எடை திரும்பட்டும். அதற்கு மேல் வயிற்றில் சேரும் ஒவ்வொரு கிலோவும் இரைப்பையை மேல்நோக்கி அழுத்தும்.

படி 5: மற்றக் குளிசைகளைக் கணக்கெடுங்கள்

பலர் தவறவிடும் இடம் இது. அசையாத உணவுக்குழாயில் குளிசை ஒட்டிக்கொண்டு கரைந்தால் அந்த இடத்திலேயே புண் வரும். எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் அக்கலேசியா உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாதது. வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகத் தரும் டொக்சிசைக்கிளின், இரும்புச் சத்துக் குளிசை, டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் கவனத்துக்குரியவை. வேறு வழியில்லாமல் போட வேண்டி வந்தால் நின்றபடி, நிறையத் தண்ணீரோடு. அரை மணி நேரமாவது படுக்காதீர்கள்.

சிகிச்சைக்கு முன் தசையைத் தளர்த்த நிஃபெடிபின் அல்லது நைட்ரேட் கொடுத்திருந்தால், அது இன்னும் துண்டில் தொடர்கிறதா பாருங்கள். வெட்டிய தசையை மேலும் தளர்த்துவதில் பயனில்லை. இதயத்துக்காகவோ பிரஷருக்காகவோ கொடுத்தது என்றால் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

படி 6: எரிவு இல்லாவிட்டாலும் கமரா பாருங்கள்

மாமியிடம் கிளினிக்கில் டொக்டர் கேட்டார், "அம்மா, நெஞ்சு எரியுதா?" "இல்லை டொக்டர், ஒண்டும் இல்லை. குளிசையையும் விட்டிட்டன்." கமராவில் புண் இருந்தது, பி தரம். வெளியே வந்து, "எனக்கு நோவே இல்லையே தம்பி, எப்பிடி?" என்று என்னைக் கேட்டார். வருடக்கணக்கில் விரிந்து கிடந்த உணவுக்குழாயில் உணர்ச்சி மழுங்கிப்போகிறது. போயத்துக்குப் பிறகு கமராவில் புண் காணப்படும் பலர் ஒரு தொல்லையும் சொல்லாதவர்கள்தான்.

சிகிச்சை முடிந்து சில மாதங்களில் ஒரு எண்டோஸ்கோப்பி எப்போது என்று முதல் கிளினிக்கிலேயே கேளுங்கள். றிப்போர்ட்டில் புண்ணை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்திருப்பார்கள். ஏ லேசானது. சி, டி கடுமையானவை. இவர்கள் குளிசையை நிறுத்தவே கூடாது, ஆறியதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். ஆற வழக்கமாக எட்டு வாரம் கொடுப்பார்கள்.

சந்தேகம் மீதமிருந்தால் 24 மணி நேர பிஎச் பரிசோதனை. மூக்கு வழியாக மெல்லிய வயர் ஒன்றை விட்டு, அமிலம் எவ்வளவு நேரம் உணவுக்குழாயில் நிற்கிறது என்று அளப்பார்கள். நாளில் 4 சதவீத நேரத்துக்குக் குறைவென்றால் சாதாரணம், 6க்கு மேல் என்றால் எதுக்களிப்பு நிச்சயம். ஆனால் அக்கலேசியா உள்ளவரின் வரைபடத்தை வைத்தியர் கண்ணால் பார்க்க வேண்டும். எதுக்களிப்பில் கோடு செங்குத்தாக விழும். உணவு புளிப்பதில் அது மெல்ல மெல்லச் சரியும். மெஷின் தரும் மொத்த எண் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடும். பேரியம் குடித்து 1, 2, 5 நிமிடத்தில் எடுக்கும் படங்கள் தேக்கம் இருக்கிறதா என்று காட்டிவிடும்.

படி 7: குளிசை போதாதபோது

முதலில் நேரம், அளவு, கட்டில், இரவுச் சாப்பாடு எல்லாம் உண்மையிலேயே சரியாக நடக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலோர் இந்த இடத்திலேயே தேறிவிடுவார்கள். அதற்கு மேலும் புண் ஆறாவிட்டால், இரைப்பையின் மேற்பகுதியை மடித்துத் தடுப்பு உண்டாக்கும் சிகிச்சை இருக்கிறது: வயிற்றில் துளையிட்டுச் செய்வது, அல்லது சில நாடுகளில் வாய் வழியாகவே செய்வது. அலையசைவு இல்லாத உணவுக்குழாய் என்பதால் முழுச் சுற்றாக மடிக்க மாட்டார்கள், பாதிதான். இறுகினால் பழைய விழுங்கல் தொல்லை திரும்பிவிடும். இதற்குப் போகுமுன் பிஎச் பரிசோதனை இல்லாமல் சம்மதிக்காதீர்கள்.

படி 8: எதற்குக் காத்திருக்கக் கூடாது

சிகிச்சை முடிந்த முதல் நாட்களில் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கழுத்து வீங்கித் தொட்டால் நறநறப்பது என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவு. எந்தக் காலத்திலும் இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் அப்படித்தான்.

மாதங்கள் கழித்து விழுங்கல் மீண்டும் கடினமானால் "நோய் திரும்பிவிட்டது" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அமிலப் புண் ஆறித் தழும்பாகிக் குழாய் சுருங்கியிருக்கலாம், வெட்டு போதாமல் இருந்திருக்கலாம், வெட்டிய இடம் பையாக விரிந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அக்கலேசியா நெடுங்காலம் இருந்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், எல்லாம் சுகமாக இருந்தாலும் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கமரா பார்ப்பது என்று வைத்தியரோடு பேசி ஃபைலில் எழுதி வையுங்கள்.

அப்புறம், கண்ணில் கட்டராக்ட், ஹேர்னியா, எதுவாக இருந்தாலும் இனி ஒரு ஒப்பரேஷன் வந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டரிடம் "எனக்கு அக்கலேசியா, போயம் செய்திருக்கு, சாப்பாடு மேல வரும்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். உணவுக்குழாயில் மிச்சம் இருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. அதற்கேற்ப அவர்கள் பட்டினி நேரத்தைக் கூட்டி, மயக்கம் கொடுக்கும் முறையையும் மாற்றுவார்கள்.